அறுவை சிகிச்சைத் துறையே குறி என்றால் எம்.பி.பி.எஸ்.க்கு எந்தக் கல்லூரி?

மருத்துவ மேற்படிப்புக்கான (பி.ஜி.) நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும். எம்.பி.பி.எஸ். எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதற்கு அதில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பதக்கம் வாங்கியவரும், பெயரே கேள்விப்படாத கல்லூரியில் தட்டுத் தடுமாறித் தேறியவரும் ஒரே ரேங்க் பட்டியலில்தான் வருவார்கள். ஆர்த்தோ (எலும்பு), பொது அறுவை, அதற்கப்புறம் யூராலஜி (சிறுநீரகப் பாதை), நியூரோ சர்ஜரி (மூளை, நரம்பு) என்று கனவு காணும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எம்.பி.பி.எஸ். (யு.ஜி.) கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட உட்காரும்முன் இதை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சில குடும்பங்களுக்கு இதனால் வீடு மிஞ்சும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "சர்ஜன் ஆக எந்த மெடிக்கல் காலேஜ்" என்று தேடினால் வந்து விழுபவற்றில் பெரும்பகுதி அமெரிக்க நிலவரம். அங்கே மருத்துவர் உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 2022 ஜனவரி 26 முதல் வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. அதனால் கல்லூரியின் பெயர், அந்தக் கல்லூரியிலேயே நீங்கள் விரும்பும் துறையில் ரெசிடென்சி (மேற்படிப்புப் பயிற்சி) இருக்கிறதா, பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம், ஆய்வுக் கட்டுரைகள், வேறொரு மருத்துவமனையில் ஒரு மாதம் வேலை செய்து முகம் காட்டுவது எல்லாவற்றுக்கும் எடை ஏறிவிட்டது. கடைசியில் நேர்காணலும் உண்டு. இங்கே அறுவைத் துறை மேற்படிப்பான எம்.எஸ். இடத்துக்கு நேர்காணலே இல்லை. முதலாமாண்டிலேயே ஆய்வுக் கட்டுரைக்கு ஓடும் மாணவர் அதில் சுவை கண்டு ஓடினால் சரி. ரேங்குக்காக ஓடினால் வீண்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன்சி என்ற கட்டாய மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு, எம்.எஸ். 3 ஆண்டு, அதற்கு மேல் உயர் சிறப்புப் படிப்பான எம்.சிஎச். 3 ஆண்டு. இடையில் ஒரு நாள்கூட வீணாகாவிட்டாலும் பதினொன்றரை ஆண்டு. 18 வயதில் சேர்பவர் முப்பதைத் தொடும் நேரத்தில்தான் முழுத் தகுதியுள்ள யூராலஜிஸ்ட்டோ பிளாஸ்டிக் சர்ஜனோ ஆவார். நீட் பி.ஜி.க்காக ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பது இன்று சர்வ சாதாரணம், எம்.எஸ். முடித்தபின் ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய பாண்ட் பணியும் சேர்ந்தால் 32, 33 ஆகிவிடும். இந்த நீளத்தை வைத்துத்தான் கல்லூரியை எடைபோட வேண்டும். ஐந்தரை ஆண்டை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு பாதி வழியில் மூச்சு வாங்கும்.

போட்டி எங்கே இருக்கிறது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். பி.ஜி. கலந்தாய்வில் முதலில் தீர்ந்துபோவது ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே), பொது மருத்துவம், தோல். கத்தி பிடிக்கும் துறைகளில் நல்ல கல்லூரிகளின் பொது அறுவை, ஆர்த்தோ இடங்களுக்குக் கடும் போட்டி. எம்.சிஎச். கட்டத்தில் யூராலஜியும் குடல், கல்லீரல் அறுவையும் வேகமாக நிரம்பும். இதய அறுவை, குழந்தைகள் அறுவை இடங்களோ ஆண்டுதோறும் காலியாகக் கிடப்பதுண்டு. ஆகவே "இதய அறுவை நிபுணர் ஆகணும்" என்று சொல்லும் பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரிய தடை அல்ல. அத்தனை ஆண்டு குறைந்த வருமானத்தில் தாக்குப்பிடிப்பதுதான் தடை.

கல்லூரித் தேர்வில் பணம் முதலிடத்துக்கு வருவது இதனால்தான்.

கடன்தான் துறையைத் தீர்மானிக்கும்

ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டிக் கட்டணம் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 20 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் நாலரை ஆண்டுக்கு 90 லட்சம். விடுதி, சாப்பாடு, புத்தகம் தனி. இந்த 90 லட்சத்தைக் கடனாக வாங்கி 10 சதவீத வட்டியில் 15 ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 97,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தத் தவணை எப்போது ஆரம்பிக்கும் என்று பாருங்கள். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் வரைதான் பொதுவாக விலக்கு. பையன் எம்.எஸ். முதலாண்டில் இரவு முழுக்கக் கேஷுவாலிட்டியில் நிற்கும்போது வங்கியிலிருந்து அழைப்பு வரும். அரசுக் கல்லூரி எம்.எஸ். உதவித்தொகை இந்தத் தவணைக்கு ஈடாகாது. மேற்படிப்பைக் காட்டி வங்கியில் நீட்டிப்பு வாங்கலாம். வட்டி மட்டும் நிற்காது. அந்த நேரத்தில் நல்ல ரேங்க் கையில் இருந்தால் வீட்டில் என்ன பேச்சு எழும்? "ரேடியாலஜி எடுத்தா மூணு வருஷத்துல சம்பாதிக்கலாம், சர்ஜரின்னா இன்னும் ஆறு வருஷமாகுமே." அந்தப் பேச்சில் தப்பும் இல்லை. அறுவைத் துறையை விரும்பிச் சேர்ந்து கடைசியில் வேறு துறைக்குப் போகிறவர்களில் திறமை போதாமல் போகிறவர்களைவிடக் கணக்குப் போட்டுப் போகிறவர்களே கூடுதல்.

ஆகவே சேமிப்பிலிருந்து கட்ட முடியாத, கடன் வாங்கியே கட்ட வேண்டிய நிகர்நிலை இடம் ஒரு பக்கம், மாவட்ட அரசுக் கல்லூரி இன்னொரு பக்கம் என்றால் ஒப்பீடே தேவையில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் நடுவில் நிற்கிறது: அந்தக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு வலிக்கும், ஆனால் துறையைப் பறிக்கும் அளவுக்குப் போகாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குக் கணக்கே வேறு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்கள் பணத்தை ஓரங்கட்டிவிட்டு, நோயாளிக் கூட்டம் எங்கே அதிகம் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

மறுபடி நீட் எழுதி ரிப்பீட் செய்வதா, நிகர்நிலையில் சேர்ந்துவிடுவதா? ஓராண்டு இழப்பு என்பது பதினொன்றரை ஆண்டில் ஓராண்டு. 90 லட்சம் என்பது நிபுணராகி முதல் சில ஆண்டுகளின் மொத்தச் சம்பாத்தியம். முதல் முயற்சியில் அரசு இடத்தைச் சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டவர் ஒருமுறை ரிப்பீட் செய்வது நியாயம். இரண்டாவது ரிப்பீட்டிலிருந்து பலன் மளமளவென்று குறையும்; அங்கே பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

பழைய பெரிய கல்லூரியா, புதிய மாவட்டக் கல்லூரியா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாணவர்கள் உண்மையில் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். ஒரு பக்கம் 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை, கோவை, திருநெல்வேலி போன்றவை. மறுபக்கம் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகள்: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி.

பெரிய கல்லூரியின் பலம் அதன் நோயாளிகளும் அதன் துறைகளும். ஸ்டான்லியில் கை அறுவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் தனி நிறுவனமே இருக்கிறது; கீழ்ப்பாக்கத்தில் தீக்காயப் பிரிவு; சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நியூரோ சர்ஜரி 1950இல் தொடங்கியது. இப்படிப்பட்ட வளாகத்தில் படிக்கும் மாணவர் எம்.சிஎச். மாணவர்களோடு ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறார். எந்தத் துறையில் என்ன பாடு, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள், குடும்பம் எப்படி ஓடுகிறது என்று இருபது வயதிலேயே கண்ணால் பார்த்துவிடுகிறார். பிற்பாடு துறையை மாற்றிக்கொண்டு தவிக்காமல் இருக்க இது பெரிய உதவி. அதோடு, நூறு சீனியர்கள் நீட் பி.ஜி.க்கு எப்படிப் படித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்ற தகவல் விடுதிச் சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

பலவீனம் எங்கே என்றால், அங்கே எம்.பி.பி.எஸ். மாணவர் வரிசையில் கடைசி ஆள். ஒரு வகுப்பில் 250 பேர் வரை. ஒரு யூனிட்டில் பேராசிரியர், உதவிப் பேராசிரியர்கள், மூன்று ஆண்டு எம்.எஸ். மாணவர்கள், அவர்களுக்குப் பின்னால்தான் ஹவுஸ் சர்ஜன். ஓ.டி.யில் (அறுவை அரங்கில்) மேசையைச் சுற்றி நிற்கும் முதுகுகளைத்தான் பார்ப்பார்.

ஒரு யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் இரவை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளி ஒருவர் முதுகில் பெரிய சீழ்க்கட்டியோடு கேஷுவாலிட்டிக்கு வருகிறார். எம்.எஸ். மாணவர்கள் நிறைந்த இடத்தில் முதலாமாண்டு பி.ஜி. கையுறை மாட்டிக்கொள்வார், ஹவுஸ் சர்ஜன் ரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவார். பி.ஜி. குறைவான மருத்துவமனையில் உதவிப் பேராசிரியர் பக்கத்தில் நின்று சொல்லித்தர, ஹவுஸ் சர்ஜனே கீறுவார். அப்போதுதான் புத்தகம் சொன்னதும் சொல்லாததும் புரியும். வீங்கிச் சிவந்த இடத்தில் திசு அமிலத்தன்மையோடு இருப்பதால் லிக்னோகெய்ன் ஊசி போட்டாலும் சரியாக மரத்துப்போவதில்லை. கீறிச் சீழை வடித்ததோடு வேலை முடிவதில்லை; விரலை உள்ளே விட்டு, அறை அறையாகப் பிரிந்திருக்கும் தடுப்புகளை உடைக்க வேண்டும். உடைக்காமல் விட்டால் அதே நோயாளி மூன்றாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வருவார். வாயைத் தைத்து மூடக் கூடாது. உள்ளே துணி திணித்துத் திறந்தே விட்டு, அடியிலிருந்து ஆற விட வேண்டும். இதை நாலு முறை தன் கையால் செய்தவருக்கு அறுவைத் துறை தனக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். நாற்றம், வலியில் நோயாளி போடும் சத்தம், இரவு மூன்று மணி, எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் துறை.

இந்த விஷயத்தில் மாவட்டக் கல்லூரிக்குச் சாதகம் இருக்கிறது. சிக்கலான கேஸ்களை மேல் சிகிச்சைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பிவிடுவார்கள் என்பது குறையாகத் தோன்றும். எம்.பி.பி.எஸ். மாணவருக்கு அது குறையே அல்ல. கணையத்தை வெட்டி எடுக்கும் எட்டு மணி நேர அறுவையைத் தூரத்திலிருந்து பார்ப்பதைவிட, குடலிறக்கமும் குடல்வால் அழற்சியும் நீரிழிவுக் காலும் பத்துப் பத்தாய்ப் பார்ப்பதே இந்த வயதில் பயன். புதிய கல்லூரியின் உண்மையான குறை வேறு: சில துறைகளில் ஆசிரியர் இடங்கள் நிரம்பாமல் இருக்கும், சீனியர்களின் வழிகாட்டல் மெலிந்திருக்கும். பாடத்தில் உள்ள குறையை மாரோ, ப்ரெப்லேடர் போன்ற செயலிகள் பெரும்பாலும் ஈடுகட்டிவிட்டன. நாடு முழுக்க எல்லோரும் அதே காணொளியைத்தான் பார்க்கிறார்கள். சீனியர் வட்டத்தை அப்படி எந்தச் செயலியாலும் தர முடிவதில்லை.

ஆனால் ஒன்று. எம்.பி.பி.எஸ்.ஸில் எவ்வளவு கை வைத்தாலும் எம்.எஸ். சேர்ந்த முதல் நாள் எல்லோரும் முடிச்சுப் போடுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன்சியின் 52 வாரத்தில் பொது அறுவைக்குக் கிடைப்பது 6 வாரம். சமூக மருத்துவத்துக்கு 12. ஆறு வாரத்தில் யாரும் சர்ஜன் ஆகிவிடுவதில்லை. ஆகவே "கைப்பயிற்சி அதிகம்" என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பழைய அரசுக் கல்லூரி, புதிய அரசுக் கல்லூரி இரண்டும் கிடைக்கும் ரேங்க் என்றால் எங்கள் தராசு பழையதின் பக்கமே சாயும், அதுவும் சீனியர்களுக்காக. வீட்டுக்குப் பக்கம், உடம்புக்கு ஒத்துவரும் சாப்பாடு என்ற காரணத்துக்காக ஒருவர் மாவட்டக் கல்லூரியை எடுத்தால் அவர் எதையும் பெரிதாக இழக்கவில்லை.

எய்ம்ஸ், ஜிப்மர், வேலூர்

எய்ம்ஸ், ஜிப்மர் இரண்டிலும் எம்.பி.பி.எஸ். படிப்பவருக்கு வெளியார் பலர் கவனிக்காத ஒரு சலுகை உண்டு. இந்த நிறுவனங்களின் பி.ஜி. இடங்கள் நீட் பி.ஜி.யில் வருவதில்லை, ஐ.என்.ஐ.-செட் என்று ஆண்டுக்கு இருமுறை நடக்கும் தனித் தேர்வில் வருகின்றன. அதில் சொந்த மாணவர்களுக்கு நிறுவன முன்னுரிமை என்று குறிப்பிட்ட இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. டெல்லி எய்ம்ஸில் பொது அறுவை இடத்துக்கு நாடே மோதும்போது, அங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்தவர் சிறிய வட்டத்துக்குள் போட்டியிடுகிறார். கல்லூரிப் பெயர் நேரடியாக ரேங்குக்கு உதவும் அரிய இடம் இது. அந்த அளவு ரேங்க் இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். புதிய எய்ம்ஸ்களை அதே கண்ணோடு பார்க்க வேண்டாம். பெயர் ஒன்றுதான், மருத்துவமனை முழுதாக இயங்குகிறதா, அறுவை அரங்குகள் எத்தனை ஓடுகின்றன என்பது ஒவ்வொன்றிலும் வேறு. கட்டடமே முடியாத எய்ம்ஸையும் சென்னை மருத்துவக் கல்லூரியையும் ஒரே தட்டில் வைத்தால் சென்னைதான்.

வேலூர் சி.எம்.சி. இன்னொரு ரகம். இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறை 1949இல் ஜேக்கப் சாண்டியால் அங்கே தொடங்கப்பட்டது. தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் மடக்க வைத்த பால் பிராண்ட் வேலை செய்ததும் அங்கேதான். வகுப்பு 100 பேர், கட்டணம் குறைவு, நோயாளிக் கூட்டம் மிக அதிகம். பதிலுக்கு எம்.பி.பி.எஸ். முடித்தபின் மிஷன் மருத்துவமனையில் 2 ஆண்டுப் பணி. "ரெண்டு வருஷம் வேஸ்ட்" என்பார்கள். ரேடியாலஜி போகிறவருக்கு ஒருவேளை அப்படி இருக்கலாம். அறுவைக்குப் போகிறவருக்கு, நிபுணர் ஒருவர் மட்டுமே இருக்கும் சின்ன மருத்துவமனையில் இரண்டாண்டு அவருக்குக் கைத்துணையாக நிற்பது வேறு எங்கும் கிடைக்காத பயிற்சி. ஒரே சிக்கல், அந்த வேலைப்பளுவில் நீட் பி.ஜி.க்குப் படிப்பது கடினம். அதற்கு மனத்தயாரிப்போடு போக வேண்டும்.

எந்த மாநிலத்தில் படிக்கிறோம் என்பது

அரசுக் கல்லூரி பி.ஜி. இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநிலத்துக்கு. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வசிப்பிடத்தை வைத்து பி.ஜி. இடங்களை ஒதுக்குவது செல்லாது என்றும், படித்த நிறுவனத்தை வைத்து ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் தீர்ப்பளித்தது. இதன்பின், எம்.பி.பி.எஸ். படித்த மாநிலத்துக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டில் தொலைதூர மாநிலக் கல்லூரியை "பேரு பெருசு" என்று எடுப்பவர், பி.ஜி.யின்போது சொந்த மாநில ஒதுக்கீட்டில் தனக்கு இடமுண்டா என்று இரு மாநிலங்களின் பி.ஜி. கையேட்டையும் வாசித்துவிட்டு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இத்தனை அரசுக் கல்லூரிகளும் இத்தனை எம்.எஸ். இடங்களும் இருக்கும்போது வெளியே போவதற்கு வலுவான காரணம் தேவை.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு கதவும் உண்டு. மாநில ஒதுக்கீட்டு அரசு பி.ஜி. இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. அரசுக் கல்லூரிகளின் எம்.சிஎச்., அதற்கு இணையாக மருத்துவத் துறைகளில் உள்ள டி.எம். இடங்களிலும் பாதி அப்படியே. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வெழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து, குறைந்தபட்சப் பணிக்காலத்தை முடித்தால் இந்தப் பட்டியலில் போட்டியிடலாம். பொதுப் பட்டியலைவிட இதில் பின்தங்கிய ரேங்குக்கும் இடம் கிடைப்பது வழக்கம். சம்பளம் வந்துகொண்டே எம்.எஸ். படிக்கலாம் என்பது அறுவைத் துறையின் நீண்ட ஆண்டுகளுக்கு நல்ல ஊன்றுகோல். இந்தக் கதவுக்கும் எம்.பி.பி.எஸ். கல்லூரியின் பெயர் தேவையில்லை.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். பற்றிச் சுருக்கமாக: 2021 நவம்பர் விதிகளின்படி அங்கே 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் 300க்கு 150, பிறகு இங்கே மீண்டும் 12 மாதப் பயிற்சி. அறுவை நிபுணர் ஆவதற்கான ஓட்டத்தை ஓராண்டு பின்னால் நின்று ஆரம்பிப்பதற்குச் சமம். அங்குள்ள மொழி தெரியாமல் வார்டில் நோயாளியிடம் பேச முடியாமல் கழியும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகர்நிலைக் கடனோடு ஒப்பிட்டால் பணம் குறைவுதான். அறுவையே குறி என்பவருக்கு நாங்கள் கடைசியில் வைக்கும் வழி.

கறாராக இருக்க வேண்டிய இடம் எம்.எஸ்.

எம்.பி.பி.எஸ். கல்லூரிக்காகச் செலவழிக்கும் பதற்றத்தில் பாதியை எம்.எஸ். கல்லூரிக்கு மிச்சம் வையுங்கள். கை பழகுவது அங்கேதான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இறுதியாண்டு எம்.எஸ். மாணவர் குடலிறக்கம், குடல்வால், அவசர வயிற்று அறுவை ஆகியவற்றைத் தானே செய்து, சீனியர் உதவியாளராக நிற்கிறாரா, அல்லது மூன்றாம் ஆண்டிலும் கொக்கி பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? எம்.எஸ்.ஸுக்கு இணையாக மருத்துவமனைகளில் நடக்கும் படிப்பு டி.என்.பி. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனையின் டி.என்.பி. இடத்தில் இயந்திரங்கள் புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் நோயாளி குறிப்பிட்ட மருத்துவருக்காகப் பணம் கட்டி வருபவர், கத்தியை அவரேதான் பிடிப்பார். டி.என்.பி. மாணவர் லேப்ராஸ்கோப்பி கேமராவைப் பிடிப்பார். அரசு மாவட்ட மருத்துவமனை டி.என்.பி.யில் கருவிகள் பழையவை, கை நன்றாகப் பழகும். எம்.எஸ்.ஸும் டி.என்.பி.யும் தகுதியில் சமம் என்பதால் பெயரைப் பார்க்காமல் மேசையைப் பாருங்கள்.

எம்.எஸ். படிக்காமலே நேராகப் போகும் எம்.சிஎச்.சுக்கு இணையான 6 ஆண்டு டி.ஆர்.என்.பி. வழியும் நீட் பி.ஜி. ரேங்கில் உண்டு: நியூரோ சர்ஜரி, இதய அறுவை, பிளாஸ்டிக், குழந்தைகள் அறுவை. எம்.சிஎச். இடத்துக்கான நீட் எஸ்.எஸ். என்ற இன்னொரு தேர்வை எழுதும் வேலை மிச்சம். அபாயமும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் இது நமக்கு ஒத்துவராது என்று தோன்றினால் கையில் எம்.எஸ். பட்டம் இருக்காது, மறுபடி முதலிலிருந்துதான். எம்.பி.பி.எஸ். காலத்திலேயே அந்தத் துறையைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு மட்டும் இந்த வழியைச் சொல்லலாம். பெரிய கல்லூரியில் படித்ததன் பலன் இங்கேயும் வெளிப்படும்.

நேரில் போய்ப் பார்க்கும்போது

கலந்தாய்வுக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் முகப்புக் கட்டடத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வார நாளில் காலை 10 மணிக்கு அறுவை ஓ.பி.யில் போய் நில்லுங்கள். கூட்டம் வராந்தா வரை நின்றால் சரி. தனியார் கல்லூரி என்றால் வார்டுக்குள் போய், படுக்கையில் இருப்பவர்களுக்கு டிரிப் ஏறுகிறதா, கட்டுப் போட்டிருக்கிறார்களா, கேஸ் ஷீட்டில் நேற்றைய தேதி இருக்கிறதா என்று நோட்டம் விடுங்கள். ஆய்வு நாளுக்காக ஆள் பிடித்துப் படுக்க வைக்கும் பழக்கம் எங்குமே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஓ.டி. வாசலில் அன்றைய பட்டியல் ஒட்டியிருக்கும். எத்தனை மேசை, எத்தனை கேஸ் என்று அதிலேயே தெரியும்.

பேச வேண்டியது சேர்க்கை அலுவலகத்தில் அல்ல, ஹவுஸ் சர்ஜன்களிடம். தலையில் அடிபட்டு வந்தவருக்கு நைலான் நூலில் தையல் போட்டதுண்டா, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். "பி.ஜி.தான் போடுவாங்க" என்றால் ஒரு நிலவரம், "நைட் டியூட்டின்னா நாங்கதான்" என்றால் வேறு நிலவரம். வாரத்துக்கு எத்தனை 24 மணி நேர டியூட்டி, அடுத்த நாள் விடுப்பு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். நீட் பி.ஜி.க்குப் படிக்கும் நேரம் அதில்தான் இருக்கிறது. தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீத வருகை எல்லாக் கல்லூரிக்கும் பொது; அதற்கு மேலும் கெடுபிடி செய்து, வராத நாளுக்கு அபராதம் வசூலிக்கும் இடங்களைப் பற்றி மாணவர்கள் தாமே சொல்லிவிடுவார்கள்.

தேதி விஷயத்தில் ஏமாந்தால் ஓராண்டு போகும். நீட் பி.ஜி. எழுத, குறிப்பிட்ட தேதிக்குள் ஹவுஸ் சர்ஜன்சி முடிந்திருக்க வேண்டும். 2025 தேர்வுக்கு அது ஜூலை 31. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு ஒரே தேர்வு அட்டவணை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் அட்டவணையில் ஓடும். கடைசி இரண்டு பேட்ச்களும் அந்தத் தேதிக்குள் முடித்தார்களா என்று ஹவுஸ் சர்ஜன்களிடமே கேளுங்கள். ஒரே ஒரு பாடத்தில் அரியர் விழுந்து, பின்தங்கியவர்களுக்கான அடிஷனல் பேட்ச்சுக்குப் போனவர்கள் அந்த ஆண்டுத் தேர்வை எழுத முடிந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இழுத்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் சில படிகள் கீழே இறக்கிவிடலாம்.